உலு யாம் அத்தை

குமரா,

நேற்று மாலை போனில் யாழினியைப் பார்க்கப் போனாயா என்று கேட்டேன். "வேல ப்பா" என்றாய். நான் "ம்" என்றேன். நீயும் "ம்" என்றாய். அப்புறம் இரண்டு பேரும் வைத்துவிட்டோம். நம் இருவருக்கும் போன் சரிப்படாது, அதில் பேசினால் மாடு அசைபோடுவதுபோல ம்-ம் என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவோம். அதனால்தான் யாழினியின் போன வருஷத்துக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். கண் மங்கல், கை நடுக்கம், எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. எழுதுவதற்கு எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் சுமந்துகொண்டு திரிவது அதைவிட அலுப்பாக இருக்கிறது.

உன் மகளை ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கான மனநல வார்டில் சேர்த்து இன்றோடு பத்தொன்பது நாள். தாய்க்காரி மாலா ஒருநாள் விடாமல் போய் வருகிறாள். நீ சேர்த்த அன்று போனதோடு சரி. அதற்கடுத்த சனிக்கிழமை கிளம்பிப் போனாயாம், லிஃப்டுக்குப் பக்கத்தில் நம் கோவில் கமிட்டி ஆள் ஒருவர் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பிவிட்டாயாம். மாலா என்னிடம் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, சொல்லும்போது அழுதாள், அவ்வளவுதான். வேலை இடத்திலும் தாமான் குடியிருப்பிலும் பிள்ளை ஜொகூரில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாய். ஜொகூருக்குப் போன பிள்ளையைப் பார்க்க ஷா ஆலம் பாக்டரியில் மூன்று மணிக்கு லீவு கேட்க முடியுமா? முடியாதுதான். ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. அந்த ஜொகூர் சித்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனே நான். ஆள் கேட்டால் என்னப்பா சொல்வது என்று நீ அடுப்படியில் நின்று கேட்டாய். நான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக்கூடக் கீழே வைக்காமல் பதில் சொன்னேன். எப்படி அப்பாவுக்கு இவ்வளவு சட்டென்று வந்தது என்று நீ யோசித்திருக்கலாம். எனக்கு அது பழகின பொய், குமரா. நான் அந்தப் பொய்க்குள்ளேயே வளர்ந்தவன்.

எனக்கு ஒன்பது வயதில் என் அம்மா இறந்துபோனார். அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. அம்மா போன சில மாதத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அப்போது நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசையில் கடைசி வீட்டில் இருந்தோம். விடியும் முன்னே ஆளைக் கூப்பிட்டுப் பேர் பதிகிற பெரட்டுக்கு, ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டி மணி அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து சுவரில் தலையை முட்டுவேனாம். நெற்றி கிழிந்து ரத்தம் வழியுமாம். முனியாண்டி கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், மொட்டை போட்டார்கள், கோழி அறுத்தார்கள். கடைசியில் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர்தான் காகிதம் எழுதிக் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் லோரியில் ஏற்றி அனுப்பினார். மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில், பிள்ளைகளுக்கென்றே இருந்த மனநோய் ஆஸ்பத்திரி. ஒன்றே கால் வருஷம் நான் அங்கே இருந்தேன். எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அங்கே எப்படி இருந்தது என்று கேட்டால் ஒரே பதிலாகச் சொல்ல வராது. காலையில் வரிசையாக நிற்க வைத்துக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டுவார்கள். எல்லாருக்கும் ஒரே நீலக் கால்சட்டை, இடுப்பில் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். மருந்து கொடுத்தால் நாக்கு தடித்துப்போகும், எச்சில் வழியும். இரண்டு பணியாளர்கள் அடிப்பார்கள். ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, நர்சம்மா, அடிக்க மாட்டார், நகம் வெட்டிவிட்டு ஒவ்வொரு விரலையும் அழுத்திவிடுவார். சோறு வீட்டைவிட நன்றாகவே இருந்தது, தினமும் முட்டை. பேய் வீடு என்றும் சொல்ல மாட்டேன், நல்ல இடம் என்றும் சொல்ல மாட்டேன். எட்டு மாதம் கழித்து, பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆ செங் என்ற செகிஞ்சான் ஊர்ச் சீனப் பையனிடம் முதல் வார்த்தை பேசினேன். என் முட்டையை எடுத்தான், "என்னது" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது புதன்கிழமைதான். பார்க்க வருகிறவர்களை வாரத்தில் அந்த ஒரு நாள்தான் விடுவார்கள், மதியம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும். சாப்பிட்டதும் தலையைத் தண்ணீரால் படிய வாரிக்கொண்டு நீள பெஞ்சில் போய் உட்காருவேன். கால்சட்டையைப் பிடிக்காத கையை மடியில் வைத்துக்கொள்வேன். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். நாலு மணிக்கு என்னையும் இன்னும் சிலரையும் வார்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஒன்றே கால் வருஷத்தில் என் அப்பா இரண்டே இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் கையில் முறுக்குப் பொட்டலம், அது நமுத்துப்போயிருந்தது. சட்டை நனைந்திருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. மற்ற புதன்கிழமைகளில் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன், கல்யாணம் செய்தேன், உன்னைப் பெற்றேன். உன் தாத்தாவிடம் நான் ஏன் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்று உன் அம்மா பலதரம் கேட்டிருக்கிறாள். சுபாவம் என்று சொல்லி மழுப்பினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிப்போக வந்த அன்று, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். நீ உலு யாமில் அத்தை வீட்டில் இருந்தாய். அத்தை பேர் முத்தம்மா. வீட்டுக்கு முன்னால் ரம்புத்தான் மரம். மாமாவுக்கு ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை. ஆடு மூன்று, ஒன்று சினை. மூன்று பஸ்ஸிலும் திரும்பத் திரும்பச் சொல்லி, என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்பாவுக்கு அக்கா தங்கை யாரும் கிடையாது. அவர் பேராக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் யாருக்கும் அது தெரியாது. நான் போன அன்றே அத்தை வீட்டுக்கு அனுப்பினேன் என்று லயத்தில் சொல்லிவிட்டார், ஜனங்கள் விசாரிக்க விசாரிக்க அத்தைக்கு வீடு, மரம், ஆடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளை என்று ஒருதரம் பேர் விழுந்தால் பள்ளிக்கூடத்திலும் நிம்மதி இருக்காது, பின்னால் பெண்ணும் கிடைக்காது என்று பயந்திருக்கிறார். அந்தப் பயம் பொய்யில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் ஆகியிருக்கும்.

அந்த அத்தையை நான் என் கல்யாணத்துக்குப் பிறகும் காப்பாற்றினேன். உன் அம்மா பத்திரிகை வைக்க உலு யாம் போகலாம் என்றாள், அத்தைக்குக் காலில் புண், ஆளைப் பார்க்க விரும்ப மாட்டார் என்றேன். நீ பிறந்தபோது குழந்தையைக் காட்டிவிட்டு வரலாம் என்றாள், வழியில் பாலம் உடைந்துவிட்டது என்றேன். உன் அம்மாவை உனக்குத் தெரியுமே, பிடித்தால் விட மாட்டாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அத்தையைச் சாகடித்தேன். சேதி இப்போதுதான் வந்தது, எடுத்துவிட்டார்களாம் என்றேன். உன் அம்மா பிறந்திராத ஒருத்திக்காகத் தலை முழுகினாள். பதினாறாம் நாள் படையல் போடலாமா என்று வேறு கேட்டாள். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. போன மாதம் உண்மையைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்காமல், "அத்தைக்காக அழுதேனே, ஒங்களுக்காக அழ விட்டிருக்கலாம்ல" என்றாள்.

அவளிடம் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் ஆ செங். அவனும் நானும் எத்தனையோ வருஷமாகச் செகிஞ்சானில் மீன் படகு வந்து நிற்கிற ஜெட்டியில் பார்த்துக்கொள்வோம், மீன் விலை பேசுவோம், எங்கே பழக்கம் என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டோம். போன மாதம் அவன் என்னைக் கூப்பிட்டான். மூடிக் கிடந்த அந்த ஆஸ்பத்திரியை இப்போது இடிக்கப்போகிறார்களாம். அங்கே இருந்தவர்கள் சொல்வதைப் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி எழுதி வைக்கிறாளாம். செகிஞ்சானில் ஒரு கோப்பிக் கடையில் ஐந்து பேர் கூடினோம். எல்லாருக்கும் நரைத்த தலை. அந்தப் பெண் போனை நடுவில் வைத்து, நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றாள். ஆஸ்பத்திரி கேட்டின் நிறம் பச்சை என்றான் ஆ செங், நீலம் என்றேன் நான். அதற்கே அரை மணி நேரம் சண்டை போட்டோம். முட்டை தினமும் கொடுக்கவே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்தார். நகம் வெட்டும் மிஸ்ஸியை மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

அந்த ஐவரில் ரோஸ்லின் என்று ஒரு தமிழ் அம்மா. சுங்கை புரோங்கில் மகன் வீட்டில் இருக்கிறார், சின்ன வயதில் வலிப்புக்காக அங்கே விட்டிருந்தார்களாம். பெண்கள் வார்டு மாடியில் இருந்தது. எங்கள் வார்டிலிருந்து பார்த்தால் சமையற்கட்டுச் சுவர்தான் தெரியும், மாடியிலிருந்து பார்த்தால் கேட்டும் ரோடும் தெரியுமாம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மழ பேஞ்சா நாங்க ஜன்னலுக்கு ஓடிருவோம்ண்ணே. கொக்கு வந்துருச்சானு பாக்க. ஒரு ஆளுண்ணே, ஒசரமா, ஒரச்சாக்கு பிளாஸ்டிக்க தலையில போட்டுக்கிட்டு வந்து கேட்டுக்கு வெளிய நிப்பாரு. ஒத்தக் கால்ல நின்னு இன்னொரு காலால கெண்டைய தேச்சுக்கிட்டே இருப்பாரு. அதான் கொக்குனு பேரு வச்சோம். காவக்கார ஜாகா உள்ள விட மாட்டான், இன்னிக்கு நாளில்லனு வெரட்டுவான். போகவே மாட்டாருலா. சாயங்காலம் வரைக்கும் நிப்பாரு. போறப்ப முறுக்குப் பொட்டலத்த ஜாகாகிட்ட குடுத்துட்டுப் போவாரு. அவன் நல்லாத் தின்னான். மழக்காலம் வந்தா வாரத்துல ரெண்டு தடவ, மூணு தடவகூட வந்துருவாரு. யாரு பெத்த அப்பனோ, பாவம்."

நான் எழுந்து ஜெட்டிப் பக்கம் போய்விட்டேன். நீ ரப்பர் காட்டில் வேலை செய்ததில்லை, அதனால் சொல்கிறேன். மழை பெய்தால் பாலுக்கு மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்துவிடும், பாலோடு தண்ணீர் கலந்துவிடும். பெரட்டில் வேலை வாங்குகிற மண்டோர் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தோட்டத்தில் யாரிடமும் காரணம் சொல்லாமல் ஒரு ஆள் தன் பாட்டுக்குக் கிளம்பிப் போகக்கூடிய நாள் மழை நாள் மட்டும்தான். புதன்கிழமை மரம் வெட்டுகிறவன் லீவு கேட்டால் மண்டோர் எதற்கு என்பார். உலு யாம் என்றால் மழை நாளில் போயேன் என்பார். வாரா வாரம் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் மனுஷன் மழைக்காகக் காத்திருந்திருக்கிறார். மழை வந்ததும் மூன்று பஸ் பிடித்து வந்து, செவ்வாயோ வெள்ளியோ, கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். இரண்டே இரண்டு புதன்கிழமைதான் மழை காலத்தோடு பெய்து, பஸ்ஸும் காலத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் சொன்ன பொய்யே அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. நான் அந்த நாட்களில் உள்ளே சமையற்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அப்பனுக்கு நான் வேண்டாதவன் என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தேன்.

தாத்தா கடைசிக் காலத்தில் கோல சிலாங்கூர் வீட்டில் நம்மோடு இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மழை தூற ஆரம்பித்ததும் கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு வாசலோரத்து அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மழை விட்டதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவார். "தாத்தாவுக்கு மழ வந்தா கல்யாணம்" என்று நீ அவர் மாதிரியே உட்கார்ந்து காட்டுவாய். ஏழு வயது உனக்கு. நாங்கள் சிரிப்போம். மழை என்றால் பால் வெட்டுக்காரன் போர்த்திக்கொண்டு படுப்பான், இவர் என்ன சட்டை போடுகிறார் என்று எனக்கு அப்போதே விசித்திரமாக இருந்தது. புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வார்த்தையை வைத்து ஒரு மனிதனைத் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தவர், நான் காரிலிருந்து இறங்கி உள்ளே போகும்போது என் கையைப் பிடித்தார். "நான் வந்தேன்யா" என்றார். எங்கே, எப்போது என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான், "ஆமா, ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவர் வாயைத் திறந்து மூடினார். அப்புறம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் நின்று என்னப்பா சொல்ல வர்றீங்க என்று கேட்டிருந்தால் ஒரு வாழ்நாள் முழுக்கத் தெரியாதது தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கொள்ளி வைத்தபோதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, அழுத்தக்காரன் என்று ஜனங்கள் சொன்னார்கள். அதற்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு மாதமாக அழுதுகொண்டிருக்கிறேன். இந்த வயதில் அழுவது உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை, தலை வலிக்கிறது.

கேட்பாய், இவ்வளவும் போன மாதமே தெரிந்த மனுஷன் பத்தொன்பது நாளைக்கு முன்னால் எப்படி அந்த ஜொகூர் பொய்யைச் சொன்னார் என்று. அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்துகொண்டது வேறு, வாய் பழகினது வேறு போலிருக்கிறது. யாழினிக்கு ஒன்று என்றதும் என் வாயில் என் அப்பா வந்து பேசிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேறு வழி தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. தப்பு என்னுடையது.

நேற்று மாலா கூப்பிட்டு நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். நான் இருந்த இடம் மாதிரி இல்லை, குமரா. சுவரில் படம் வரைந்திருக்கிறார்கள், டாக்டர் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார், பார்க்க வருகிறவர்களைத் தினமும் நாலரையிலிருந்து விடுகிறார்கள். அவளைச் சேர்த்தது சரிதான். அதைப் பற்றி உனக்கு ஒரு உறுத்தலும் வேண்டாம். அவள் கொஞ்சம் இளைத்திருக்கிறாள், சாப்பிடுகிறாள், நடுவில் ஒருதரம் சிரித்தாள். உன்னைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் கேட்டதில்லை. அங்கிருந்த மிஸ்ஸியிடம் விசாரித்தேன். தினமும் நாலு மணிக்குக் குளித்து, உடுப்பு மாற்றி, தானே இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறாளாம். அம்மா வருவது வழக்கம்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று அவர் சிரித்தார். எனக்குத் தெரியும் அது எதற்கு என்று.

இன்று காலையில் கோவிலில் பசியாறும்போது, நீ லிஃப்டுக்குப் பக்கத்தில் பார்த்து ஓடினாயே, அந்தக் கமிட்டி ஆள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேத்தி ஜொகூரில் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். ஜொகூரில் இல்லை, ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் இருக்கிறாள் என்றேன். நானும் சின்ன வயதில் இருந்திருக்கிறேன் என்றேன். அவர் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். பிறகு, "என் மகனும் அங்கதான் மருந்து எடுக்குறான், நாலு வருஷமா" என்றார். அன்றைக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் உன்னைக் கண்டதும் அவரும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாராம். இவருக்குப் பயந்து நீ ஓட, உனக்குப் பயந்து இவர் ஒளிய, நல்ல கூத்து.

ஆகவே ஜொகூர் சித்தி முடிந்துவிட்டாள். அவளுக்கு யாரும் தலை முழுக வேண்டாம். இந்தக் கடிதத்தை மாலாவிடம் கொடுத்து விடுகிறேன், இன்று உன் கைக்கு வந்துவிடும். நாளை உன் சூப்பர்வைசரிடம் போய் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. என்ன பேசுவது என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நமுத்த முறுக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும். நாளை மழை இருக்காது என்கிறார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா. நான் நாலு மணியிலிருந்தே கீழே வாசலில் நிற்பேன், இரண்டு பேரும் சேர்ந்து லிஃப்டில் ஏறலாம். மேலே அவள் பின்னல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பா